பிடுங்கச் சொன்ன பூசணிக் கொடி

மண்ணில் எண்ணெயைத் தின்று உயிர் வாழும் பாக்டீரியாக்கள் உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிற்பகல் வகுப்பில், பாதித் தூக்கத்தில் கேட்டேன். பரீட்சைக்கு அது வரவில்லை. வராததால் மறந்தும் போனேன். பல வருடம் கழித்து, நானே கொட்டவிட்ட எண்ணெயின் முன்னால் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில், எழுபதுகளின் பின்பாதி. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விஞ்ஞானப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை தேடி அலுத்துப்போய், ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி டீமேக்கராகச் சேர்ந்தேன். கொழுந்தைத் தூளாக்கும் ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் நடப்பதற்கெல்லாம் டீமேக்கரும் அவருக்குக் கீழே நானும் பொறுப்பு. என் தகப்பனார் பதுளைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வழக்கங்கள் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஸ்டோருக்குப் பின்னால் எஞ்சின் அறை. அதற்கு மேலே மேட்டில் டீசல் தாங்கி. எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்கும். அதை இறக்குவதற்காகத் தாங்கியின் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். காலையில் அதைத் திறந்து, தண்ணீர் போய் எண்ணெய் தலைகாட்டியதும் மூட வேண்டும். சாதாரண வேலை. தீபாவளி கழிந்த வாரம், விடாமல் மழை பெய்த ஒரு காலையில் நான் அதைத் திறந்தேன். மேல்மாடியில் வாட்டப் போட்டிருந்த கொழுந்து சூடேறி மணக்கத் தொடங்கிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். குழாய் திறந்தபடியே கிடந்தது.

நான் திரும்பி வந்தபோது எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. தாங்கியில் மிச்சம் அதிகமில்லை. மழைநீரோடு எண்ணெய் வடிகால் கானில் இறங்கி, கான் நிரம்பி, கீழே இருந்த மரக்கறித் தோட்டங்களில் ஒன்றின் மேல் பரந்திருந்தது. போஞ்சி என்கிற பீன்ஸ் கொடிகள் மேல் வானவில் நிறத்தில் பளபளப்பு. நான் குழாயை மூடினேன். டீமேக்கரிடம் போய், குழாய் துருப்பிடித்து ஒழுகியிருக்கிறது என்று சொன்னேன். அவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். தோட்டத்து மேலாளரான பெரிய தொரையிடமும் அப்படியே சொன்னார். என் நியமனம் அப்போது நிரந்தரமாகவில்லை. அது ஒரு காரணம். பயமும் சோம்பலும் மற்றக் காரணங்கள்.

எண்ணெய் பரந்த துண்டு ஒரு கொழுந்துக்காரிக்கு உரியது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். தோட்டத்தில் உத்தியோகத்தருக்கு அதுதான் பழக்கம்; இன்று எழுதும்போது கை கூசுகிறது. புருஷன் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், வாய்த்துடுக்குக்காரர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது. புருஷனுக்குப் போய்விட ஆசை. திருச்சிப் பக்கம் அண்ணன் முன்பே போயிருந்தார். அந்த அம்மாவுக்கு ஆசையில்லை. தான் பிறந்ததும் பிள்ளைகளைப் பெற்றதும் இந்த மலையில், கண்டறியாத ஊருக்கு எதற்கு என்பது அவர் கட்சி. வீட்டில் அந்த வழக்கை அவர் தள்ளித் தள்ளி வைத்திருந்ததே அந்தத் துண்டு நிலத்தால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போஞ்சியும் முள்ளங்கியும் பதுளைக் கடைத்தெருவுக்குப் போகும். சம்பளம் காணாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அதில்தான். "இது காய்க்கிற வரைக்கும் நான் கப்பலேற மாட்டேன்" என்று அவர் சொல்வது லயம் முழுக்கத் தெரியும்.

அவர் அன்று மாலை கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கையில் ஒரு போஞ்சிச் செடியை வேரோடு பிடித்திருந்தார். வேர் கறுத்து வழவழவென்று இருந்தது. இனி அந்த மண் எதற்காவது உதவுமா என்று கேட்டார். அப்போதுதான் அந்தப் பிற்பகல் வகுப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

சரியாக்கிவிடலாம் என்றேன். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை எண்ணெயைத் தின்றுவிடும், அவற்றுக்குக் காற்றும் ஈரமும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் போதும் என்று விளக்கினேன். என் குரலில் ஒரு உற்சாகம்கூட இருந்தது. படித்த படிப்பு முதல் தடவையாக எதற்கோ பயன்படப் போகிறது என்ற உற்சாகம். கூட வந்திருந்த புருஷன் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கேட்டார்:

"எண்ணெய திங்குதுங்களா? அப்ப எங்க வீட்டுக் குப்பி லாம்புல ஏங்க இன்னும் குடியேறல?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். அடுத்த ஐப்பசி மழைக்குள் சரியாகிவிடும் என்று, தெரிந்தவன்போல் சொன்னேன்.

வேலை தொடங்கியது. முதலில் துண்டைச் சுற்றி வரப்புக் கட்டி, எண்ணெய் இன்னும் கீழே இறங்காதபடி கான் வெட்டினோம். மாட்டுப்பட்டிச் சாணம், ஸ்டோரில் கழிக்கும் தேயிலைக் குப்பை, உரம் வைக்கும் காம்பரா அறையிலிருந்து கொஞ்சம் யூரியா எல்லாவற்றையும் கலந்து பரப்பினோம். எஞ்சின் அறைக்குப் பின்னால் எத்தனையோ வருடமாக எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்த மண் ஒரு மூலையில் கிடந்தது. அதையும் கூடையில் அள்ளிக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய் தின்று பழகிய பாக்டீரியாக்கள் அங்கேதான் ஏற்கனவே பெருகி இருக்கும் என்பது என் கணக்கு. எண்ணெய் மண்ணைச் சுத்தம் பண்ண எண்ணெய் மண்ணையே கொண்டுவந்து கொட்டுகிற டீமேக்கர் என்று எனக்கு லயத்தில் பேர் வந்தது. அழுக்கு வேட்டியை அழுக்குத் தண்ணீரில் துவைக்கிற மாதிரி என்று ஒரு கிழவர் என் காதுபடவே சொன்னார்.

வாரத்துக்கு ஒருமுறையாவது மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். காற்றில்லாவிட்டால் அந்த உயிர்கள் வேலை செய்யா. புரட்டியது அந்த அம்மாதான். விடியலில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய், மலையில் நின்று கொழுந்து எடுத்து, அந்தி சாயும் நேரத்தில் வந்து மண்வெட்டியைப் பிடிப்பார். நான் மேட்டில் நின்று சொல்வேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். லயத்துக்குக் கீழே உள்ள மரக்கறித் தோட்டங்களுக்கு யாரிடமும் உறுதியோ பத்திரமோ கிடையாது. எவர் பயிர் வைக்கிறாரோ அவருடையது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பயிரில்லாமல் கிடந்தால், சித்திரை பிறந்ததும் பெரிய கங்காணி அதைக் கேட்கிற வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம். நோயில் விழுந்தாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, வழக்கம் அதுதான். பெரிய தொரை ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் கங்காணி கை வைக்க மாட்டார்.

அந்த அம்மா இதை முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார். "பயிர் வைக்காதேங்கிறீங்க. வைக்காம விட்டா துண்டு போயிருங்கய்யா. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொள்வது என்றால் தொரையின் பங்களாவுக்குப் போய், எண்ணெய் கொட்டியதால் இந்த நிலம் கிடக்கிறது, இவரிடமிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எண்ணெய் எப்படிக் கொட்டியது என்று தொரை கேட்பார். துருப்பிடித்த குழாயைக் காட்டு என்பார். குழாயில் துரு இல்லை. நான் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன்.

தை மாதத்தில் ஒருநாள் கீழே இறங்கிப் பார்த்தபோது, துண்டின் ஓரத்தில், எண்ணெய் படாத ஒரு சாண் அகலத்தில், பூசணிக் கொடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பூவும் விட்டிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். கொடி புரட்டிய மண்ணின் மேல் படர்ந்துவிடும், புரட்ட இடைஞ்சல், தின்ன நினைத்தாலும் எண்ணெய் ஏறியிருக்கும் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் சரியான காரணங்கள்.

"ஒரே கொடிதாங்கய்யா. திங்கிறதுக்கு இல்ல. பயிர் இருக்குன்னு காட்டத்தான்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? பிடுங்கிப் போடு."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். பிறகு குனிந்து, கொடியை நடுவில் அறுக்காமல், வேர்ப்பக்கம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பூவை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். என் சொல்லை நம்பித்தான் பிடுங்கினார். வேறு எதையும் நம்பி இல்லை.

சித்திரை பிறந்தது. பெரிய கங்காணி ஸ்டோருக்கு வந்தார். நல்ல மனிதர், வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அந்த எண்ணெய்த் துண்டு ஒரு மழையா சும்மா கெடக்கு. மூணு குடும்பம் கேக்குது. நீங்க அதுல ஏதோ பண்றீங்க. தொரைகிட்ட ஏதாச்சும் சொல்லி வச்சிருக்கீங்களாய்யா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அன்றைக்கே பங்களாவுக்கு ஓடியிருக்கலாம். நான் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். தன் மருமகனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மண் சரியான பிறகுதான் மருமகன் இறங்குவான். இப்போதே வெளியே தெரிந்தால் லயத்தில் சண்டை வரும், புரட்டுகிற வேலையும் நின்றுபோகும். ஆகையால் ஐயாவும் வாயைத் திறக்க வேண்டாம்.

நான் திறக்கவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் கோழைத்தனம். இனி எழுதப்போவதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அந்த அம்மா அடுத்தவன் நிலத்தைக் கொத்திப் புரட்டினார். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்த மாதங்களில், மலைநீர் விழும் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அந்த மண்ணை ஈரமாக வைத்தார். நான்தான் சொன்னேன், காய்ந்தால் பாக்டீரியாக்கள் அடங்கிவிடும் என்று. எங்கள் ஊவா மாகாணத்தில் அந்த மாதங்களில்தான் நல்ல தேயிலை. ஸ்டோரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த மண் சுத்தமாவதைப் பார்க்க வேண்டியிருந்தது. பாதியில் நின்றுவிட்டால் நான் படித்தது பொய்யாகிவிடும் என்று பட்டது. அவர் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் இடையிடையே பாராட்டவும் செய்தேன்.

மண் மாறிக்கொண்டிருந்தது. அதை ஒளிக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் ஒரு டின்னில் அந்த மண்ணை அள்ளி, பாசிப்பயறு போட்டு ஸ்டோர் யன்னலில் வைப்பேன். முதலில் போட்டவை முளைக்கவே இல்லை. பிறகு முளைத்து மஞ்சளாகிச் சாய்ந்தன. கச்சான் ஓயும் சமயத்தில் போட்டவை பச்சையாக எழுந்து நின்றன. பிசுபிசுப்புப் போய், மண் கையில் உதிர்ந்தது. டீசல் நாற்றம் போய், முதல் மழைக்கு எழும் வாசம் வந்தது. அதுவும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் வாசம்தான். அடியில் இருந்து ஒரு மண்புழு வந்ததை அந்த அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஸ்டோர்க்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கேலி செய்த கிழவர்கூட வந்து புழுவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் அவர் விதைப் போஞ்சியை ஊற வைத்து எடுத்துக்கொண்டு இறங்கியபோது, கங்காணியின் மருமகன் ஏற்கனவே பாத்தி பிடித்துக்கொண்டிருந்தான். சண்டை நடக்கவில்லை. கங்காணி வழக்கத்தை எடுத்துச் சொன்னார். வழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அம்மா அங்கிருந்து நேரே ஸ்டோருக்கு வந்தார். விதை ஈரத் துணியில் முடிந்தபடி கையிலேயே இருந்தது.

"நீங்க தொரைகிட்ட சொன்னீங்கல்லங்கய்யா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

"மறந்துட்டீங்களா" என்றார். கேள்வியாக அல்ல. அந்தச் சொல்லை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகாவது பங்களாவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டில் புருஷனின் கட்சி ஜெயித்தது. பொங்கல் முடிந்ததும் புறப்படுவதாக முடிவாயிற்று.

பெரிய தொரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சிங்களவர், கண்டிப்பானவர் என்று பேர். இரண்டு வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போகும்போது நடந்த தேநீர் விருந்தில், எப்படியோ வாய் திறந்து, குழாயைத் திறந்து விட்டவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அப்போது என் நியமனம் நிரந்தரமாகி இருந்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதிரிக் குழாயை இரண்டு தோட்டங்களில் இரண்டு பேர் இப்படியே திறந்துவிட்டுப் போனதைத் தான் கண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். அந்த நிலத்துக்காரி என்ன ஆனாள் என்று கேட்டார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் வந்திருந்தால் ஒரு வார்த்தைதானே, என்றார். பிறகு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

அந்தப் பொங்கல் முடிந்து, புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த அம்மாவும் புருஷனும் ஒவ்வொரு லயமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். ஸ்டோருக்கும் வந்தார்கள். அவர் புதுச் சேலை கட்டியிருந்தார். புருஷன் என் கையைப் பிடித்து, திருச்சியில் எண்ணெய்ச் செக்கு ஏதாவது கொட்டினால் ஐயாவுக்குத் தந்தி அடிக்கிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவருக்கு என் மேல் குறையொன்றும் இல்லை. அவர் விரும்பியதுதான் நடந்தது.

அந்த அம்மா, மண்ணை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். மூன்று பேரும் இறங்கினோம். கங்காணியின் மருமகன் எங்களைக் கண்டதும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு நாகரிகமாக விலகி நின்றான். போஞ்சி இடுப்பளவு ஏறியிருந்தது. இலைகளில் குறையில்லை. அவர் பாத்தி ஓரத்தில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரல் இடுக்கால் அங்கேயே உதிர்த்துவிட்டார்.

"வாசம் சுத்தமா போயிருச்சுங்க. நீங்க சொன்னது நெசம்தான்" என்றார்.

நான் தலையாட்டினேன். நிலம் கைமாறுவது சித்திரையிலேயே எனக்குத் தெரியும் என்று சொல்வதற்கு அதுதான் கடைசி இடம். கூடவே குழாயையும் சொல்லியிருக்கலாம். வானம் மழைக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பற்றி ஏதோ சொன்னேன்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் அந்தச் சாண் அகல இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது மருமகன் இரண்டு வரிசை கீரை போட்டிருந்தான்.

"அந்தக் கொடிய விட்டிருந்தா, இது எங்கிட்டயே இருந்திருக்குமுங்கய்யா" என்றார்.

கோபமில்லை. நான் சொன்ன காரணங்களை எதிர்த்துப் பேசவும் இல்லை. ஒரு கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டுவதுபோல் சொன்னார். பிறகு, போயிட்டு வர்றேங்க என்றார். திரும்பி வர முடியாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் பதுளையிலிருந்து அவர்கள் ஏறிய கோச்சி ரயில் போனது. நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை; ஸ்டோரில் வேலை இருந்தது. யன்னலில் பயறு முளைத்த டின் இருந்தது. கோச்சி பண்டாரவளை தாண்டி, அப்புத்தளை ஏறியிருக்கும் நேரத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறு எதுவும் செய்ததாக ஞாபகமில்லை.